கிடாக் கறியா, பெட்டைக் கறியா: செம்மறிக் குட்டிகளின் வளர்ச்சியும் இறைச்சியின் தரமும்

ஈசூன் இல்லத்தரசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வாரங்களாக ஓயாமல் நடந்துவரும் ஒரு வாக்குவாதத்தை உங்கள் முன் வைக்கிறேன். என் மாமனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். தேக்கா சந்தைக்குப் போனால், கிடாக் கறிதானா என்று கேட்டு, ஆம் என்ற பதில் கிடைத்த பிறகே பையை நீட்டுவார். பெட்டை ஆட்டுக் கறியில் சவ்வு மிகுதி, எளிதில் வேகாது, ருசியும் இருக்காது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

சென்ற மாதம் என் மகனின் பிறந்தநாளுக்கு இருபது பேருக்குப் பிரியாணி செய்வதற்காக இரண்டு முன்சப்பைகள் வாங்கினேன். இரண்டும் உறைய வைத்து வந்தவை. ஒன்று சிறியது, இளஞ்சிவப்பு நிறம். மற்றொன்று பெரியது, அடர்சிவப்பு, மேலே தடித்த கொழுப்பு. ஒரே மசாலாவில் ஊறவைத்து இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் வேகவைத்தேன். சிறியது ஒரு மணி நேரத்தில் பஞ்சாக வெந்துவிட்டது. பெரியது அதற்கு மேலும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டதோடு, மூடியைத் திறந்தபோது மொச்சை வாடை வீடெங்கும் பரவியது. மாமனார் அதைப் பார்த்தவுடனேயே முற்றிய பெட்டை என்றார். வாடை அடிப்பது கிடாவில்தான் என்று கேள்விப்பட்டிருந்ததால் அது கிடா என்றேன் நான். கடைக்காரரைக் கேட்டதற்கு, பெட்டியில் ஆணா பெண்ணா என்று எழுதியிருப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆண் குட்டிக்கும் பெண் குட்டிக்கும் வளர்ச்சியிலும் கறியிலும் உண்மையான வேறுபாடு உண்டா, உண்டென்றால் சமைக்கும் நமக்குத் தெரியுமளவுக்கு அது பெரியதா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிளமெண்டி தர மதிப்பீட்டாளர் எழுதியது:

அம்மா, நான் பதினேழு ஆண்டுகள் நியூசிலாந்தின் தென் தீவில் உள்ள இறைச்சிக் கூடமொன்றில் உரித்த ஆடுகளைத் தரம் பிரிக்கும் பணியில் இருந்தவன். வளர்ச்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கறியின் குணம் பெரும்பாலும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஆண், பெண் என்று இரண்டாகப் பிரித்துப் பேசினால் பாதி உண்மை விட்டுப்போகும். விதையுள்ள கிடாக்குட்டி, காயடித்த கிடாக்குட்டி, பெட்டைக்குட்டி என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரே தாய்வகை, ஒரே மேய்ச்சல், ஒரே வயது என்று வைத்துக்கொண்டால் விதையுள்ள கிடா எல்லாவற்றையும்விட வேகமாக எடை கூடும், அடுத்து வருவது காயடித்தது, பெட்டை மூன்றாவது. இந்த வரிசை உலகில் எங்கே போனாலும் மாறுவதில்லை. பிறக்கும்போதே கிடாக்குட்டி சுமார் கால் கிலோ கூடுதலாக இருக்கும். பால் மறக்கும் காலத்தில் இடைவெளி விரிந்து, விதைகள் வேலை செய்யத் தொடங்கிய பிறகு இன்னும் விரியும். விதையிலிருந்து சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், உண்ட தீவனத்தில் உள்ள புரதத்தை உடலில் தங்கவைத்துத் தசையாக மாற்றும் வேலையை ஊக்குவிப்பதே இதற்குக் காரணம்.

இனி முக்கியமான இடத்திற்கு வருகிறேன். எந்த ஆட்டுக்கும் முதலில் எலும்பு வளரும், பிறகு தசை, கடைசியில் கொழுப்பு. முழு வளர்ச்சியை நெருங்க நெருங்கத்தான் கொழுப்பு சேரும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தீவனக் கணக்குக்குப் பயன்படுத்தும் அளவுகோலின்படி, ஓர் இனத்தின் முதிர்ந்த பெட்டையின் எடையை 1 என்று கொண்டால் காயடித்தது 1.2 மடங்கும், விதையுள்ள கிடா 1.4 மடங்கும் வளரக்கூடியவை. பெட்டை 60 கிலோவில் முதிரும் இனமென்றால் காயடித்தது 72 கிலோவிலும் கிடா 84 கிலோவிலும் முதிரும். இப்போது மூன்றையும் 40 கிலோ எடையில் வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டை தன் முழு வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்துவிட்டது. காயடித்தது பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறது. கிடா இன்னும் பாதியைக்கூட எட்டவில்லை. தராசில் மூன்றும் ஒன்றுதான் என்றாலும் வளர்ச்சிப் பாதையில் மூன்றும் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. ஆகவே, ஒரே எடையில் வெட்டினால் பெட்டைக் கறியில் கொழுப்பு மிகுந்தும் கிடாக் கறியில் குறைந்தும் இருக்கும்.

தீவனச் செலவும் இதையொட்டியே அமைகிறது. ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 39 கிலோஜூல் ஆற்றலும், ஒரு கிராம் புரதத்தில் சுமார் 24 கிலோஜூல் ஆற்றலும் அடங்கியுள்ளன. அதோடு தசையில் முக்கால் பங்கு நீர். கொழுப்புத் திசுவிலோ நீர் மிகக் குறைவு. ஆகவே ஒரு கிலோ தசையை வளர்ப்பதைவிட ஒரு கிலோ கொழுப்பைச் சேர்ப்பதற்கு ஆடு பல மடங்கு தீவனம் தின்ன வேண்டியிருக்கிறது. கிடாக்குட்டி வளர்ப்பவருக்கு இலாபம் தருவது வேகமாக வளர்வதால் மட்டுமன்று, தின்றதைத் தசையாக்குவதாலும்தான்.

இருந்தாலும் உரித்த பிறகு கிடைக்கும் கறியின் விழுக்காட்டில் பெட்டை சற்று முந்திக்கொள்ளும். கிடாவின் தலை, தோல், விதை ஆகியவை கழிவாகப் போய்விட, பெட்டையின் கொழுப்போ உரித்த உடலிலேயே தங்கிவிடுகிறது.

கறியின் மணத்தையும் மென்மையையும் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

மேச்சேரி மகள் எழுதியது:

ஐயா சொன்ன வரிசையை நான் ஏட்டில் படித்ததில்லை, பட்டியில் பார்த்திருக்கிறேன். சேலம் மாவட்டத்தில் மேச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் பெற்றோர் நாற்பது, ஐம்பது செம்மறிகள் வைத்திருந்தார்கள். மேச்சேரி ஆடு கம்பளி இல்லாத, சிவந்த மேனியுடைய கறி இனம். பக்கத்தில் பொட்டனேரியில் இந்த ஒரே இனத்துக்காக அரசு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. எங்கள் குட்டிகள் பிறக்கும்போது இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தே கிடா எது, மறி, அதாவது பெட்டை, எது என்று அம்மா சொல்லிவிடுவார். ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒற்றையாகப் பிறந்த மறிக்குட்டி, இரட்டையாகப் பிறந்த கிடாக்குட்டியை மிஞ்சி வளர்வதை ஒவ்வோர் ஈற்றிலும் கண்டிருக்கிறேன். பாலைப் பங்கு போட்டுக் குடிக்கும் குட்டிக்கு ஆணாகப் பிறந்ததால் கிடைக்கும் அனுகூலம் அங்கேயே கரைந்துபோகிறது. தாயின் வயதும் அப்படித்தான். தலையீற்றுக் குட்டி எதுவானாலும் நோஞ்சானாகவே இருக்கும்.

ஈசூன் அக்காவின் மாமனாருக்காக ஒரு சொல். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த நியாயம் ஊரில் பிறந்தது. எங்கள் பக்கத்தில் கிடாக்குட்டியை மூன்று, நான்கு மாதத்திலேயே வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். பட்டிக்கு ஒன்றிரண்டு கிடா போதும், மற்றவற்றை வைத்துத் தீனி போடுவது வீண். மறியை யாரும் விற்க மாட்டார்கள், அதுதான் அடுத்த தலைமுறைக்கு விதைநெல். பல ஈற்று ஈன்று, பல் விழுந்து, மடி வற்றிய பிறகே அது கசாப்புக் கடைக்குப் போகும். ஆகவே ஊர்ச் சந்தையில் கிடாக் கறி என்றால் இளங்கறி. பெட்டைக் கறி என்றால் ஆறு, ஏழு வயதான கிழட்டுக் கறி. மாமனார் உண்மையில் கேட்பது வயதைத்தான். அதைக் கேட்க ஊரில் அவருக்குக் கிடைத்த சொல் கிடா என்பது. சிங்கப்பூருக்குக் கறி அனுப்பும் நாடுகளில் பெட்டையையும் குட்டியாக இருக்கும்போதே வெட்டுகிறார்களா? அப்படியென்றால் அந்தக் கேள்வி இங்கே பயன்படாது.

கிளமெண்டி தர மதிப்பீட்டாளர் எழுதியது:

தங்கை எழுதியதைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும், நம்மவர்கள் ஏன் கிடாவையே கேட்கிறார்கள் என்பதற்கு இவ்வளவு தெளிவான விளக்கம் எனக்குத் தோன்றியதில்லை. ஒற்றை, இரட்டை பற்றிச் சொன்னதும் சரியே. கம்பளி இனங்களில் ஒற்றைக் குட்டி சுமார் 5 கிலோவும் இரட்டையில் ஒன்று சுமார் 4 கிலோவும் பிறக்கும். ஆண் பெண் வேறுபாடு அந்த ஒரு கிலோ இடைவெளியில் கால் பங்குதான்.

சிங்கப்பூருக்குக் கறி அனுப்பும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெட்டைக்குட்டிகளையும் பெருமளவில் வெட்டுகிறார்கள். பட்டியின் கிழட்டுப் பெட்டைகளுக்கு ஈடாக ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, மிஞ்சியவற்றை அண்ணன் தம்பிக் குட்டிகளோடு ஒரே லாரியில் அனுப்பிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் கிடாக்குட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே ரப்பர் வளையம் போட்டுக் காயடித்துவிடுவது வழக்கம். நியூசிலாந்தில் பலர் அதைச் செய்வதில்லை. ஆறு மாதத்திற்குள் வெட்டிவிடும் குட்டிக்குக் காயடித்து அதன் வளர்ச்சியை ஏன் கெடுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வளையத்தை விதைகளுக்குக் கீழே போட்டு, விதைகளை உடலோடு ஒட்டி மேலே தள்ளிவிடும் முறையும் அங்கே உண்டு. உடல் சூட்டில் அவை மலடாகிவிடும், ஆனால் ஹார்மோன் சுரப்பது நிற்காது. ஆகவே குட்டி கிடாவைப் போலவே வளரும்.

பெட்டியில் லாம் என்று எழுதியிருந்தால் இந்த மூன்று வகையில் எதுவாகவும் இருக்கலாம். அந்தச் சொல் வயதைக் குறிக்கிறதே தவிர பாலைக் குறிக்கவில்லை. 2019 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவின் வரையறைப்படி, 12 மாதத்திற்குக் குறைந்த ஆடு, அல்லது நிலையான வெட்டுப்பல் முளைத்துத் தேயத் தொடங்காத ஆடு, லாம் எனப்படும். அதைத் தாண்டியது மட்டன்.

தேக்கா கத்தி எழுதியது:

நான் தேக்காவில் அப்பா காலத்திலிருந்து கறி வெட்டுகிறேன். இப்போதிருக்கும் கட்டடம் 1982-இல் வந்தது. அதற்கு முன் எதிர்ப்புறம் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தையில்தான் அப்பா தொழில் பழகினார். எருமைத் தொழுவம் என்பது அந்தப் பெயரின் பொருள். இந்த வட்டாரமே ஆடுமாடு வியாபாரத்தால் வளர்ந்தது.

பெட்டியில் எழுதியிருக்காது என்பது சரி. ஆனால் முழு ஆடாகவோ பின்தொடையாகவோ வந்தால் பார்த்துச் சொல்ல முடியும். தொடைகள் கூடும் இடத்தில் பெட்டைக்கு மடிக் கொழுப்பு வழவழப்பாக, ஒரே சீராகப் படிந்திருக்கும். காயடித்த கிடாவுக்கு அதே இடத்தில் விதைப்பை இருந்த தடத்தில் கொழுப்பு கட்டி கட்டியாக, கரடுமுரடாக இருக்கும். விதையுள்ள வளர்ந்த கிடாவுக்குக் கழுத்தும் முன்சப்பையும் பருத்திருக்கும். கத்தி வைக்கும்போதே கை உணரும். முன்சப்பையைத் தனியாக வாங்கினால் இவற்றில் ஒன்றும் தெரியாது. ஆகவே ஈசூன் அக்காவுக்குப் பதில் சொல்ல முடியாத கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஐயா கணக்குப் போட்டுச் சொன்ன கொழுப்பு விஷயம் எங்கள் கைக்காசைத் தொடுவது. ஒரே அளவுள்ள இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் பெட்டையின் முதுகிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் கொழுப்பு கூடுதலாக இருக்கும். வாடிக்கையாளர் கொழுப்பை எடுத்துவிட்டு நிறுக்கச் சொல்வார். எடுத்த கொழுப்புக்கும் நான் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறேன். அதனால் எங்களில் சிலர் கிடாவே மேல் என்று சொல்வதற்குக் காரணம் ருசியன்று, கழிவு குறைவு என்பதுதான். இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

சூப் துலாங் என்ற எலும்புச் சூப் விற்கும் கடைக்காரர்கள் கேட்பது வேறு. அவர்களுக்கு நீண்ட, உள்ளே மஜ்ஜை நிறைந்த கால் எலும்பு வேண்டும். காயடித்த ஆட்டின் எலும்பு மற்றவற்றைவிட நீளமாக இருக்கிறது என்று அப்பா சொல்வார். அது உண்மையா ஐயா?

கிளமெண்டி தர மதிப்பீட்டாளர் எழுதியது:

உங்கள் அப்பா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கால் எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டை மூடச் செய்வது பாலின ஹார்மோன்கள். விதையை எடுத்துவிட்டால் அது தாமதமாக மூடுகிறது. அந்த இடைக்காலத்தில் எலும்பு நீண்டுகொண்டே போகும். ஆனால் சில மாதங்களிலேயே வெட்டிவிடும் குட்டியில் இது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, மூன்று ஆண்டு வளர்ந்த ஆட்டில்தான் தெரியும்.

இனி மொச்சை வாடை. செம்மறிக்கே உரிய அந்த மணத்துக்குக் காரணமான பொருள்களை 1975-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். 4-மீதைல் ஆக்டனாயிக் அமிலம், 4-மீதைல் நோனனாயிக் அமிலம் எனப்படும் கிளைச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் அவை. இவை கறியின் தசையில் அல்லாமல் கொழுப்பில் தங்குபவை. பருவத்திற்கு வந்த, விதையுள்ள கிடாவின் கொழுப்பில் இவற்றின் அளவு கூடுகிறது. பெட்டையிலும் காயடித்ததிலும் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கிடாக்குட்டி பருவத்திற்கு வருவது இனத்தையும் தீனியையும் பொறுத்துச் சுமார் ஐந்து முதல் ஏழு மாதத்தில். அதற்கு முன்பு வெட்டினால் கிடாவுக்கும் பெட்டைக்கும் மணத்தில் வேறுபாடு காண்பது அரிது.

தீனியும் இதில் தலையிடுகிறது. பார்லி போன்ற தானியங்களை நிறையக் கொடுத்து வளர்த்த கிடாக்குட்டிகளில் இந்தக் கிளைச்சங்கிலி அமிலங்கள் மிகுந்து, கொழுப்பே இளகி எண்ணெய்ப் பசையாகிவிடும். புல் மேய்ந்தவற்றில் ஸ்கேட்டோல் என்ற வேறொரு பொருள் சேர்ந்து, மேய்ச்சல் வாடை என்று தனியாகச் சொல்லத்தக்க ஒரு வாடையைத் தருகிறது. அது பெட்டைக்கும் உண்டு.

மென்மையைப் பொறுத்தவரை, விதையுள்ள கிடாவின் கறியில் இணைப்புத் திசு சற்றுக் கூடுதலாகவும், தசைக்குள் ஊடுருவிய கொழுப்பு குறைவாகவும், நிறம் சற்று அடர்த்தியாகவும் இருப்பதுண்டு. பெட்டைக்குட்டிக் கறி அதைவிடச் சற்று மென்மையாகவும் சாறுள்ளதாகவும் இருக்கும். சற்று என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதைக் கவனியுங்கள். தசைக்குள் 4 முதல் 5 விழுக்காடு கொழுப்பு இருந்தால் உண்பவருக்குக் கறி நிறைவு தரும் என்பது ஆஸ்திரேலியக் கணக்கு. கொழுப்பில்லாத குட்டியே வேண்டுமென்று பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் அந்த உள்கொழுப்பும் குறைந்துபோனது என்பது எனக்கு வருத்தமளிக்கும் செய்தி.

ஆண் பெண் வேறுபாட்டை விழுங்கிவிடும் இரண்டு காரணங்கள் கசாப்புக் கூடத்திலேயே உள்ளன. முதலாவது, வெட்டுவதற்கு முன் ஆடு மிரண்டோ ஒன்றையொன்று முட்டியோ களைத்துப்போனால் தசையில் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். அதன் பிறகு தசை புளிப்பேறாது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.5 முதல் 5.7 வரை இறங்க வேண்டிய கறி 6-க்கு அருகிலேயே நின்று, கருத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். விதையுள்ள கிடாக்கள் முட்டிக்கொள்ளும் குணமுடையவை என்பதால் அவற்றில் இது கூடுதலாக நேர்கிறது. ஆனால் குற்றம் விதையினுடையது அன்று, கையாண்ட முறையினுடையது. இரண்டாவது, உரித்த உடலை அவசரமாகக் குளிரூட்டுவது. தசை விறைப்பதற்கு முன்பே 10 டிகிரிக்குக் கீழே போனால் அது சுருங்கி ரப்பராகிவிடும். இந்தக் குளிர்ச்சுருக்கத்தை நியூசிலாந்தின் லாக்கரும் ஹாகியார்டும் 1963-இல் விளக்கிய பிறகுதான், உரித்த ஆட்டுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தசையை முதலில் விறைக்கவைத்து, பிறகு உறையவைக்கும் முறை பரவியது. அவ்வாறு செய்யாமல் உறையவைத்தால், இரண்டு மாதப் பெட்டைக்குட்டியின் கறியும் செருப்புத்தோல் போலத்தான் இருக்கும்.

கேலாங் செராய் வாசகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஐயா விளக்கியதில் எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. குர்பானிக்கு ஆணும் செல்லும், பெண்ணும் செல்லும், காயடித்ததும் செல்லும். ஆனால் வயது முக்கியம். நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், அதாவது சட்ட நெறியில், செம்மறி ஓராண்டு நிறைந்ததாக இருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே முன்பல் விழுந்திருக்க வேண்டும். கொழுத்த கிடாவைக் கொடுப்பதே சிறப்பென்று பெரியவர்கள் அதையே விரும்புவார்கள். அப்படியென்றால் குர்பானிக் கிடா விதையுள்ளதாக இருந்தால் பருவத்தைத் தாண்டியதாகத்தான் இருக்கும். பெருநாள் கறியில் மட்டும் வாடை தூக்கலாக இருக்கிறது என்று என் மனைவி ஆண்டுதோறும் சொல்வதற்கு இதுதான் காரணமா?

கிளமெண்டி தர மதிப்பீட்டாளர் எழுதியது:

விதையுள்ள கிடாவாக இருந்தால் அதுவும் ஒரு காரணமே. வாடை கொழுப்பில் தங்குவதால், மேல்கொழுப்பையும் தசைகளுக்கு இடையில் உள்ள கொழுப்பையும் நன்றாக நீக்கிவிட்டுச் சமைத்தால் வேறுபாடு தெரியும். வேகவைக்கும்போது மேலே மிதக்கும் நெய்யையும் வழித்து எடுத்துவிடச் சொல்லுங்கள். நம்மவர்கள் இஞ்சி, பூண்டு, பட்டை, புதினா என்று சேர்ப்பது வாடையை மறைக்கும். கொழுப்பை நீக்குவதோ அதைக் குறைக்கும்.

மேச்சேரி மகள் எழுதியது:

ஐயாவிடம் ஒரே ஓர் இடத்தில் மாறுபட விரும்புகிறேன். காயடிப்பது வளர்ச்சியைக் கெடுக்கும் என்று எழுதியதைப் படித்தால், எங்கள் ஊரில் காயடித்தவர்கள் விவரம் அறியாதவர்கள் என்று தோன்றிவிடும். கோவில் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வைத்து வளர்ப்பார்கள். காயடிக்காமல் அத்தனை காலம் வைத்திருந்தால் அது தீனியைவிட்டு மறிகளின் பின்னால் அலையும், மற்றக் கிடாக்களோடு முட்டி மண்டையை உடைத்துக்கொள்ளும், உடம்பும் இளைக்கும். காயடித்தது ஓரிடத்தில் நின்று தின்று, மினுமினுவென்று கொழுக்கும். வெள்ளாட்டுக் கிடாவென்றால் கேட்கவே வேண்டாம், வாடை தாங்காமல் பட்டியையே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். மூன்று மாதத்தில் விற்கும் குட்டிக்குக் காயடிப்பதில்லை. நீண்டநாள் வைத்திருப்பதற்குக் காயடிக்கிறார்கள். இரண்டும் அறிவோடு செய்வதுதான்.

கிளமெண்டி தர மதிப்பீட்டாளர் எழுதியது:

நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், தங்கையே. நான் ஆறு மாதத்திற்குள் வெட்டும் பண்ணைகளை மனத்தில் வைத்து எழுதியதைப் பொதுவிதி போல எழுதிவிட்டேன். காயடிப்பதன் பலனும் நட்டமும் எத்தனை மாதம் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. ஆஸ்திரேலியர்களும் மேய்ச்சல் வற்றும் ஆண்டுகளில் குட்டியை எப்போது வெட்ட முடியுமென்று முன்கூட்டித் தெரியாததால்தான் காயடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஈசூன் இல்லத்தரசி எழுதியது:

உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் மாமனாருக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் உரக்கப் படித்துக் காட்டினேன். மேச்சேரித் தங்கை எழுதிய பகுதிக்கு வந்தபோது மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அவருடைய அத்தை வீட்டில் இருந்த பட்டியைப் பற்றியும், பல் போன பெட்டையை வியாபாரி தாடையைப் பிளந்து பார்த்து விலை பேசியதைப் பற்றியும் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கதையை நான் கேட்டதில்லை.

நேற்று அதே கடைக்கு இருவரும் போனோம். அந்தப் பெரிய சப்பை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று பணிவாகக் கேட்டபோது, கடைக்காரர் தயங்காமல் உள்ளே அழைத்துப்போய் உறைபெட்டியைத் திறந்து காட்டினார். அன்று ஒரே வகை போதாமல் இரண்டு பெட்டிகளைப் பிரித்திருக்கிறார். ஒன்றில் லாம் என்றும் மற்றொன்றில் மட்டன் என்றும் தெளிவாக அச்சிட்டிருந்தது. நாங்களும் வயதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வயதைப் பொறுத்தவரை மாமனார் சொன்னது சரியாகிவிட்டது. அது கிடாவா பெட்டையா என்பதற்கு மட்டும் இனி விடை கிடைக்காது.

இப்போது ஒரு கேள்வி. அடுத்த மாதம் மாமனாரின் எண்பதாவது பிறந்தநாள் வருகிறது. முப்பது பேருக்குச் சமைக்க வேண்டும். பெட்டியில் லாம் என்று இருப்பதை உறுதிசெய்துகொள்வேன். அதற்கு மேல் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கிளமெண்டி தர மதிப்பீட்டாளர் எழுதியது:

லாம் வகையிலும் சிறியது, பெரியது உண்டு. நியூசிலாந்துக் குட்டியின் உரித்த உடல் சராசரியாகச் சுமார் 19 கிலோ, ஆஸ்திரேலியக் குட்டியுடையது சுமார் 24 கிலோ. கூடங்களில் கொழுப்பை அளப்பதற்குப் பன்னிரண்டாம் விலா எலும்பின் மேல், முதுகின் நடுக்கோட்டிலிருந்து 110 மில்லிமீட்டர் தள்ளி, தசையும் கொழுப்பும் சேர்ந்த கனத்தைப் பார்ப்போம். 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஐந்து தரங்கள். பிரியாணிக்கு இரண்டாம், மூன்றாம் தரம் போதும். கடையில் அளவுகோல் வைத்துப் பார்க்க முடியாது. கொழுப்பு வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா, கறி இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கொழுப்பு இளகி விரலில் ஒட்டினால் வேறு துண்டு கேளுங்கள். உறைந்ததை வாங்கினால் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவும் ஒரு பகலும் வைத்து மெல்ல இளகவிடுங்கள். தண்ணீர்க் குழாயின் கீழே பிடிக்க வேண்டாம்.

தேக்கா கத்தி எழுதியது:

முப்பது பேருக்கு எலும்போடு ஏழு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. முன்சப்பை பாதியும் பின்தொடை பாதியுமாகக் கலந்தால் சாறும் இருக்கும், கறியும் இருக்கும். எந்தக் கடையில் வாங்கினாலும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவையுங்கள்; ஒரே பெட்டியிலிருந்து வெட்டித் தரும்படி கேளுங்கள். பல பெட்டிகளைக் கலந்தால் ஒரு துண்டு வெந்து கரைந்திருக்கும், மறுதுண்டு பல்லில் இழுக்கும். பின்தொடை வாங்கும்போது மாமனாரையும் அழைத்துச் செல்லுங்கள். மடிக் கொழுப்பு எது, விதைப்பைக் கொழுப்பு எது என்று காட்டச் சொல்லிப் பார்த்து, அவருக்கு விருப்பமானதை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.